பக்கவாதம் வந்தவரோடு இலையுதிர் காலக் கப்பல் பயணம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பாபநாசம் டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலம் குறைந்துவிட்டன. நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் தானாகவே நடக்கிறார். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை மெதுவாகப் போய்த் திரும்புவார். அதற்கு மேல் என்றால் சக்கர நாற்காலிதான். கைப்பிடி இருந்தால் நாலைந்து படி ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் கால் தடுமாறும். பேச்சு, நினைவு எல்லாம் தெளிவாக இருக்கிறது. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரம், செடி என்றால் உயிர்.

மகள் டொரண்டோவில் இருக்கிறாள். வருகிற செப்டம்பர் கடைசியில் பாஸ்டனில் கப்பல் ஏறி, கனடாவின் கிழக்குக் கரையோரமாகப் போய், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் நுழைந்து மான்ட்ரியலில் இறங்கலாம் என்கிறாள். மேப்பிள் மரங்கள் நிறம் மாறும் நேரம். இதைக் கேட்டதிலிருந்து இவருக்கு முகமே தெளிந்துவிட்டது. பச்சையம் சிதையும்போது இலைக்குள் ஏற்கெனவே இருக்கிற மஞ்சள் வெளியே தெரியும், சிவப்பு மட்டும் அந்தச் சமயத்தில் புதிதாக உருவாகும், பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் சிவப்பு ஏறும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறார். "படிச்சதை ஒரு தடவை கண்ணால பாத்துடணும்" என்கிறார்.

சொந்தக்காரர்கள் பாதிப் பேர் "இந்த நிலைமையில் அலைக்கழிக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: கப்பலுக்குள் இவரால் புழங்க முடியுமா? குளியலறை எப்படி இருக்கும்? ஊர்களில் இறங்கிப் பார்க்க முடியுமா? மகளும் மருமகனும் கூட வருகிறார்கள். ஆனாலும் ராத்திரி எழுந்திருக்க, குளிக்க, உடுத்த எல்லாவற்றுக்கும் நான்தான். கப்பலைப் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.


நாகூர்க் கப்பல்காரர் எழுதியது:

டீச்சர், நான் பயணிகள் கப்பலில் ஆட்கள் ஏறி இறங்கும் பாலத்தருகே பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது ஊரோடு இருக்கிறேன். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எங்கே சிரமப்படுகிறார்கள் என்பதை அந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: கப்பலுக்குள் இருக்கும் நேரம்தான் உங்களுக்கு மிகச் சுலபமான நேரம். நடைபாதை முழுக்க இருபுறமும் கைப்பிடி உண்டு. தளத்துக்குத் தளம் லிஃப்ட் உண்டு. சாப்பாட்டுக் கூடம், அரங்கம் எல்லாவற்றுக்கும் சக்கர நாற்காலியிலேயே போகலாம். கஷ்டம் எல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடங்களில்தான். விமானத்திலிருந்து பேருந்து, பேருந்திலிருந்து கப்பல், கப்பலிலிருந்து கரை. திட்டம் போடும்போது ஊர்களைப் பற்றி யோசிப்பதைவிட இந்த மாறும் இடங்களைப் பற்றி அதிகம் யோசியுங்கள்.

முதலில் அறை. மாற்றுத்திறனாளிகளுக்கான அறை என்றே தனியாக உண்டு. கதவு அகலமாக இருக்கும், குளியலறைக்குள் படி இருக்காது, உட்கார்ந்து குளிக்கப் பலகை, பிடித்து எழக் கம்பி எல்லாம் இருக்கும். சாதாரண அறையில் குளியலறை வாசலில் உயரமான நிலைப்படி ஒன்று இருக்கும், கதவும் குறுகல், பல சக்கர நாற்காலிகள் உள்ளேயே போகாது. மாற்றுத்திறனாளி அறைகள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான். இலை சிவக்கும் பருவத்தில் வயதானவர்கள்தான் அதிகம் வருவார்கள், எனவே அவைதான் முதலில் தீர்ந்துபோகும். அது கிடைத்தால் மட்டும் அந்தக் கப்பலில் பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் தேதியை மாற்றுங்கள். வேறு வகை அறையை வாங்கிச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அடுத்தது கரை இறங்குவது. துறைமுகம் இரண்டு வகை. சிலவற்றில் கப்பல் நேராக மேடையில் கட்டும், பாலம் போடுவார்கள், தள்ளிக்கொண்டு இறங்கலாம். சிலவற்றில் கப்பல் கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சிறு படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அலையில் படகு மேலும் கீழும் போகும்போது சரியான நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். ஊழியர்கள் தூக்கி ஏற்றமாட்டார்கள், பல கப்பல்களில் அது விதி. அன்றைய அலையைப் பார்த்து "இன்று வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. உங்கள் வழியில் மேய்ன் மாநிலத்து பார் ஹார்பர் அப்படிப்பட்ட ஊர். ரொம்ப அழகான ஊர்தான், ஆனால் அங்கே இறங்க முடியாமல் போகலாம் என்று இப்போதே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஹாலிஃபாக்ஸ் நேராகக் கட்டும் துறைமுகம். இறங்கியதும் கடலோரமாகவே சமதளமான நடைபாதை பல கிலோமீட்டர் போகிறது. சக்கர நாற்காலிக்கு அதைவிட நல்ல இடம் அந்த வழியில் இல்லை. பேருந்து, சுற்றுலாச் சீட்டு எதுவும் வேண்டாம், தள்ளிக்கொண்டே போகலாம். அந்த முனையத்துக்குப் பக்கத்திலேயே குடியேற்ற அருங்காட்சியகம் இருக்கிறது. மகள் குடியேறிப் போன நாடு, இவருக்குப் பிடிக்கும்.

கேப் பிரெட்டன் தீவில் சிட்னி என்று ஒரு ஊர் வரும், ஆஸ்திரேலியா சிட்னி இல்லை. இறங்கின இடத்திலேயே 60 அடி உயரத்தில் ஒரு பெரிய பிடில் சிலை நிற்கும். அங்கேயும் தூரம் போக வேண்டியதில்லை.

செயின்ட் ஜான் என்ற துறைமுகத்துக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். அது இருப்பது ஃபண்டி விரிகுடா. உலகத்திலேயே கடல் ஏற்ற இறக்கம் அதிகமுள்ள இடம். விரிகுடாவின் உள்முனையில் 16 மீட்டர் வரை போகும், செயின்ட் ஜான் பக்கமே 8 மீட்டருக்கு மேல். நம் நாகப்பட்டினத்தில் ஒரு மீட்டர்கூட வராது. கப்பல் தண்ணீரோடு ஏறி இறங்கும், மேடை அப்படியே நிற்கும். அதனால் காலையில் சமமாக இருந்த பாலம் மதியம் செங்குத்தாகிவிடும். பாலத்தருகே இருக்கும் ஊழியரிடம் "எந்த நேரம் சரிவு குறைவு?" என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். அந்த நேரத்துக்கு இறங்கி அந்த நேரத்துக்கு ஏறுங்கள்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

டீச்சர், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் அப்பாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போனவன். சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தோம். ஆனால் நடுவில் மாறின விமான நிலையத்தில் விமானத்தைத் தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். சக்கர நாற்காலி கீழே நிற்கிறது, அப்பா மேலே நிற்கிறார், நடுவில் ஏணிப்படி. விமான ஊழியர் "இவர் படி இறங்குவார் என்றுதான் எங்களிடம் இருக்கிறது" என்கிறார். கடைசியில் அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் தலை நிமிர்ந்து நடந்தவர். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பாஸ்டன் வரை போக எப்படியும் ஒரு இடத்தில் மாற வேண்டும், ஒரு நாள் பொழுது பயணம். திரும்பி வருவது வேறு. அதற்கு அப்புறம்தான் கப்பலே. இவ்வளவு தூரம் வேண்டுமா என்று யோசியுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, அங்கேயும் கப்பல் இருக்கிறது.


சக்கரம் குடந்தை எழுதியது:

வெண்ணாற்றங்கரை ஐயா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. எனக்குச் சிறு வயதிலேயே போலியோ. இரண்டு காலும் இயங்காது, சக்கர நாற்காலியில்தான் வேலைக்குப் போகிறேன், விமானத்திலும் போகிறேன். டீச்சருக்குப் பயன்படும் என்பதால் அதன் காரணத்தை எழுதுகிறேன்.

விமான டிக்கெட்டில் சக்கர நாற்காலி என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் டபிள்யூ.சி.எச்.ஆர். என்று போட்டுவிடுவார்கள். அதற்கு அர்த்தம், நீண்ட தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்குவார் என்பது. படி முடியாது, இருக்கை வரை நடப்பார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். என்று போட வேண்டும். என்னைப் போல ஒன்றுமே நடக்க முடியாதவர்களுக்கு டபிள்யூ.சி.எச்.சி. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அதை வைத்துத்தான் படிக்குப் பதிலாகத் தூக்கி இறக்கும் வண்டியை அனுப்புவார்கள். டீச்சர், உங்கள் வீட்டுக்காரருக்கு எஸ். போடச் சொல்லுங்கள். வீட்டில் கைப்பிடியோடு நாலைந்து படி ஏறுகிறார் என்பதற்காக விமானப் படியில் இறங்குவார் என்று எழுதிவிட வேண்டாம். புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பாவது விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, போகும் விமானம், மாறும் விமானம், திரும்பும் விமானம் எல்லாவற்றிலும் அது ஏறியிருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது, நம் நாட்டு விமானப் போக்குவரத்து விதியிலேயே இருக்கிறது.

கப்பலிலும் அப்படித்தான். கூச்சப்பட்டு "கொஞ்சம் கால் முடியாது" என்று சொன்னால் கொஞ்ச உதவிதான் வரும். நிறுவனத்தில் இதற்கென்று ஒரு படிவம் உண்டு. எத்தனை அடி நடப்பார், எவ்வளவு நேரம் நிற்பார், சக்கர நாற்காலியின் அகலம், எடை எல்லாம் எழுதிக் கொடுங்கள். 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுக் கொடியோடு வரும் கப்பலாக இருந்தாலும் அமெரிக்கக் கடல் எல்லைக்குள் பயணிகளை ஏற்றினால் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுவாகப் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. கப்பலின் கட்டமைப்பையே மாற்றச் சொல்லும் அளவுக்கு அது போகாது. ஆனாலும் பாஸ்டனில் ஏறுகிறவர் தயவு கேட்டு நிற்க வேண்டியதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். போகலாமா வேண்டாமா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள், நாங்களும் பேசுகிறோம். சார் என்ன சொல்கிறார்? இலையைப் பார்க்க ஆசை என்று எழுதினீர்கள். எதற்குப் பயப்படுகிறார், எந்த உதவியை யாரிடமிருந்து வாங்க அவருக்குச் சம்மதம், எதை விட்டுக்கொடுக்கத் தயார், இதையெல்லாம் அவரிடம் கேட்டீர்களா? என்னைச் சுற்றி இருப்பவர்கள் என்னைப் பற்றி என் தலைக்கு மேலே பேசி முடிவெடுப்பது எனக்கு நன்றாகப் பழகிப்போன விஷயம். அதனால்தான் கேட்கிறேன்.


தஞ்சை இயன்முறை எழுதியது:

வணக்கம் டீச்சர். நான் இயன்முறை சிகிச்சையாளர். பக்கவாதத்துக்குப் பின் பயிற்சி கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதிய அளவு நடமாட்டம் இருக்கிறவர் தயார்ப்படுத்திக்கொண்டு போகலாம். அவருடைய மருத்துவர் ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும், அது தனி.

இன்றிலிருந்து படிப் பயிற்சி ஆரம்பியுங்கள். ஏறும்போது பலமான கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். அவருக்கு வலது கால் ஏற, இடது கால் இறங்க. இறங்கும்போது நீங்கள் ஒரு படி கீழே, அவருடைய இடது பக்கமாக நில்லுங்கள். எந்தக் காரணத்துக்கும் இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். உங்களைத்தான் சொல்கிறேன் என்று இல்லை, விமான நிலையத்தில், கப்பலில் உதவ வருகிறவர்கள் பாசத்தோடு அந்தக் கையைத்தான் பிடிப்பார்கள். பக்கவாதம் வந்த தோள் மூட்டு எளிதில் விலகிவிடும். இடுப்பில் கட்டும் பட்டை ஒன்று கிடைக்கிறது, அதைக் கட்டிவிட்டால் பிடிக்கிறவர் அந்தப் பட்டையைப் பிடிப்பார். மகளுக்கும் மருமகனுக்கும் வீடியோவில் காட்டிக் கொடுங்கள்.

சரிவான பாலத்தில் சக்கர நாற்காலியை முன்பக்கமாக இறக்கக் கூடாது. திருப்பி, நீங்கள் முதலில் பின்னால் நடந்து, நாற்காலி உங்களைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் அதை மருமகனோ ஊழியரோ செய்யட்டும்.

அப்புறம் அறையைப் பற்றி ஒரு விஷயம். கழிப்பறைக் கம்பி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். உட்கார்ந்தால் வலது கைப்பக்கம் கம்பி இருக்க வேண்டும் அவருக்கு. இடது பக்கம் மட்டும் இருந்தால் அந்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்தும் பயனில்லை. கப்பல் அறைகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்திருக்கும், வேறொரு அறையில் வலது பக்கம் இருக்கலாம். படுக்கையிலும் எந்தப் பக்கம் இறங்குவார் என்பதை இப்படியே பாருங்கள்.

குளிர் வந்தால் பலவீனமான பக்கம் இறுகும். உங்கள் வழியில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் வரும் கியூபெக் பக்கம் அக்டோபர் தொடக்கத்தில் பகலிலேயே நம் ஊர் மார்கழி விடியற்காலையைவிடக் குளிரும். கம்பளிக் கையுறை, காலுக்கு வெதுவெதுப்பு, வெளியே போகும் முன் அறையிலேயே கையையும் காலையும் நீட்டி மடக்கும் பயிற்சி. இதைத் தவறவிடாதீர்கள். குமட்டலுக்குப் போடும் மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கொடுத்து நடையைத் தடுமாற வைக்கும், மருத்துவரைக் கேட்காமல் வாங்கிப் போகாதீர்கள்.

ஒத்திகைக்கு ஒரு யோசனை. ஒரு நாள் காரில் பிச்சாவரம் போய் வாருங்கள். சுற்றுலாத் துறைப் படகு இருக்கிறது. படகில் ஏறுவது, ஆடுகிற இடத்தில் உட்காருவது, இறங்குவது, வெளியூர்க் கழிப்பறையைச் சமாளிப்பது எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். அந்த அலையாத்தி மரங்களைப் பார்க்க அவருக்கும் ஆசை இருக்குமே.


பாபநாசம் டீச்சர் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. எல்லாவற்றையும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். குடந்தைத் தம்பியின் கேள்வியை வாசித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

பயம் கடலைப் பற்றி இல்லையாம். எல்லோரும் பார்க்க யாராவது தூக்கிவிடுவதுதான் பயமாம். குளிக்க வைக்க நான் அல்லது மருமகன், மகள் வேண்டாம். படகில் இறங்கும் ஊரில் கப்பலிலேயே இருக்கத் தயார், "எனக்காக நீங்க யாரும் உக்கார வேண்டாம், போய்ட்டு வந்து சொல்லுங்க" என்கிறார். கியூபெக் மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். பிச்சாவரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றும் சொல்லிவிட்டார்.

கப்பல்கார ஐயா, இரண்டு சந்தேகம். நடுக்கடலில் ஆபத்து என்று வந்தால் இவரை எப்படி இறக்குவார்கள்? கியூபெக் மேடும் பள்ளமுமான ஊர் என்கிறாள் மகள், அங்கே என்ன செய்வது?


நாகூர்க் கப்பல்காரர் எழுதியது:

நல்ல கேள்வி டீச்சர். கப்பல் புறப்படும் முன்பே எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. ஆபத்து நேரத்தில் லிஃப்ட் ஓடாது. அதனால் நடக்க முடியாதவர்களின் பட்டியல் தனியாகத் தயாராக இருக்கும், அவர்களைப் படி வழியே நாற்காலியில் தூக்கிச் செல்லப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருப்பார்கள். அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று ஏறிய அன்றே வரவேற்பு மேசையில் கேட்டு உறுதி செய்யுங்கள். அங்கே தூக்குவதற்கு மட்டும் சாரைச் சம்மதிக்கச் சொல்லுங்கள். அது அந்த ஊழியர்களின் தொழில், அதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள்.

அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேளுங்கள். பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடும் சீசா பலகையில் ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு ஆட்டம், நடுவில் உட்கார்ந்தால் ஒரு ஆட்டம் இல்லையா, அப்படித்தான். அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் கடைசி வரை புயல் பருவம். பயப்பட வேண்டாம், கப்பல் புயலுக்குள் போகாது, வழியை மாற்றும். ஆனால் நீங்கள் நம்பியிருந்த ஒரு துறைமுகம் விட்டுப்போகலாம். செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் நுழைந்துவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். அங்கே இரண்டு கரையிலும் மரங்கள்தான். மேல்தளத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும், ஊரில் இறங்கிப் பார்க்கிறவர்களைவிடச் சார் அதிகம் பார்ப்பார். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் கியூபெக் பக்கம் நிறம் நன்றாக ஏறியிருக்கும். மேய்ன் கரையோரத்தில் அக்டோபர் நடுவில்தான் உச்சம். அதனால் பார் ஹார்பரில் இறங்காமல் போனாலும் அந்தத் தேதியில் பெரிய இழப்பு இல்லை.

கியூபெக் பழைய நகரம் கீழ் ஊர், மேல் ஊர் என்று இரண்டு. 1985-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. கப்பல் கட்டுவது கீழ் ஊர்ப் பக்கம். அங்கே தெருவெல்லாம் கல் பாவியது, சக்கரம் தடதடக்கும், பக்கவாதம் வந்தவரின் உடம்புக்கு அந்த அதிர்வு நல்லதில்லை. 1879-இலிருந்து ஓடும் சரிவு ரயில் ஒன்று மேலே போகிறது. ஆனால் உங்களுக்கு நான் சொல்வது டாக்ஸி. நேராக மேல் ஊருக்குப் போய், அந்தப் பெரிய கோட்டை மாதிரி ஓட்டலுக்குப் பக்கத்தில் இறங்குங்கள். டஃபரின் டெரஸ் என்று அகலமான மரப்பலகை நடைமேடை, சமதளம், கீழே ஆறு. அங்கேயே பாதி நாள் இருக்கலாம்.

கப்பலில் விற்கும் சுற்றுலாக்களில் பேருந்துக்கு உயரமான படி இருக்கும். தூக்கி ஏற்றும் வசதியுள்ள பேருந்து வேண்டும் என்றால் பல வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும்.


மாயவரத்து மருமகள் எழுதியது:

டீச்சர், நான் என் மாமியாரைத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய் அங்கிருந்து கப்பலில் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய் வந்தேன். அவர்களுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். பினாங்கில் கப்பல் நேராகக் கட்டியது, அங்குள்ள ஜார்ஜ் டவுன் நகரத்துக்குப் பக்கத்திலேயே, ஆட்டோ பிடிக்கிற மாதிரி வண்டி பிடித்துப் போய் வந்தோம். புக்கெட்டில் சிறு படகு. அத்தை இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. அந்தப் பகல் முழுவதும் கப்பலே காலியாக, சத்தமில்லாமல் இருந்தது. லிஃப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சாப்பாட்டுக்கு வரிசை இல்லை. பயணத்திலேயே எங்களுக்குப் பிடித்த நாள் அதுதான். வெண்ணாற்றங்கரை ஐயா சொன்ன யோசனை நல்ல யோசனைதான், விமானம் சில மணி நேரம்தான், குளிர் கிடையாது. ஆனால் சார் பார்க்க ஆசைப்படும் இலை அங்கே கிடையாது. அதனால் உங்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எங்கள் ஊரில் ஐப்பசி முழுவதும் துலா முழுக்கு. கடைசி நாள் கடைமுழுக்கு. கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. நடக்க முடியாத ஒருவர் எங்கிருந்தோ தவழ்ந்து தவழ்ந்து மாயூரம் வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்துவிட்டது. அவருக்காக மாயூரநாதர் மறுநாளும் அதே பலன் உண்டு என்று அருளினார் என்பது கதை. இன்றும் அந்த நாளில் காவிரியில் முழுகக் கூட்டம் வருகிறது. சொந்தக்காரர்கள் யாராவது "இந்த நிலைமையில் எதற்கு?" என்று மறுபடி கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்த மனிதரை யாரும் வீட்டிலேயே இருந்துகொள் என்று சொல்லவில்லை, அவருக்காக நாளைத்தான் நீட்டினார்கள்.

உங்களைப் பற்றியும் எழுத வேண்டும். நீங்கள் எழுதியதில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ராத்திரி எழுந்திருப்பது நீங்கள்தான் என்றீர்கள். கப்பலில் ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி மருமகன் அந்த அறையில் படுக்கட்டும், நீங்கள் மகளோடு படுத்துத் தூங்குங்கள். ஒரு ஊரிலாவது நீங்கள் மட்டும் இறங்கி நடந்துவிட்டு வாருங்கள். இதையும் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள், அங்கே போய்ப் பேச நேரம் இருக்காது.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

சார் கியூபெக் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் காப்பீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் அங்கே பார்ப்பதற்குப் பணம் கட்ட வேண்டும், நம் ஊர் மருத்துவக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது. பெரிதாக ஏதாவது என்றால் கரையிலுள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகும் என்று உங்கள் மகளுக்கே தெரியும். பயணக் காப்பீடு எடுக்கும்போது "ஏற்கெனவே உள்ள நோய்" என்ற பகுதியை வரிவரியாகப் படியுங்கள். பக்கவாதம் வந்ததை மறைக்காமல் எழுதி, அதற்கும் சேர்த்துப் பாதுகாப்பு தரும் திட்டத்தை மட்டும் வாங்குங்கள். கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். விலை அதிகமாக இருக்கும். அந்தப் பணத்தை ஒதுக்க முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இன்னொன்று. அமெரிக்க விசா இருந்தாலும் கனடாவுக்குத் தனி விசா வேண்டும். கப்பலில் போகிறவர்களுக்கும்தான்.


சக்கரம் குடந்தை எழுதியது:

ஐயா சொன்ன காப்பீட்டு விஷயம் நூற்றுக்கு நூறு சரி.

டீச்சர், நாற்காலியைக் கப்பலில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அங்கே இருப்பவை ஏற்றி இறக்கவும் அவசரத்துக்கும்தான். உங்களுடையதையே கொண்டுபோங்கள். விமான வாசல் வரை அதிலேயே போய், அங்கே ஒப்படைத்து, இறங்கும் வாசலிலேயே திரும்ப வேண்டும் என்று சொல்லி அட்டை கட்டச் சொல்லுங்கள். கால் வைக்கும் பலகையும் மெத்தையும் கழன்று வருவதாக இருந்தால் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், தொலைந்துபோவது அவைதான். பெயரும் கப்பல் பெயரும் எழுதி ஒட்டுங்கள். நாலு புறமும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் சேதம் ஏதும் ஆனால் காட்டலாம். மகள் அங்கே மின்சார வண்டி வாடகைக்கு எடுக்கலாம் என்று சொன்னால், அது அறைக் கதவுக்குள் நுழையுமா என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். நடைபாதையில் நிறுத்த விடமாட்டார்கள்.

சார் எழுதச் சொன்னதைப் படித்தேன். தூக்குவதைப் பற்றி அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிகிறது. உதவிக்கு வருகிறவரிடம் முதல் வார்த்தையை அவரே பேசட்டும். "இந்தப் பக்கம் பிடியுங்கள், இப்போது எழுகிறேன்" என்று அவர் சொன்னால் பிடிக்கிறவர் அதன்படிதான் பிடிப்பார். ஆங்கிலத்தில் அந்த இரண்டு வாக்கியத்தை இப்போதே சொல்லிப் பழகட்டும்.


பாபநாசம் டீச்சர் எழுதியது:

பிச்சாவரம் போய் வந்துவிட்டோம். படகில் ஏற மட்டும் இரண்டு பேர் பட்டையைப் பிடித்தார்கள், அவரே சொல்லிக்கொடுத்துப் பிடிக்க வைத்தார். உள்ளே போனதும் படகுக்காரரிடம் வேர்களைக் காட்டி அவர் பேச ஆரம்பித்தவர்தான், திரும்பும் வரை நிறுத்தவில்லை. இறங்குவது சிரமமாகத்தான் இருந்தது. சிறு படகு வரும் ஊரில் இறங்க வேண்டாம் என்று அவரே முடிவாகச் சொல்லிவிட்டார்.

மகள் மாற்றுத்திறனாளி அறை உள்ள ஒரு தேதியைப் பிடித்துவிட்டாள், அக்டோபர் முதல் வாரம் கியூபெக் வரும். கம்பி எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறாள், பதில் வந்ததும் பணம் கட்டுகிறோம். கனடா விசாவுக்கு எழுதியாகிவிட்டது. ராத்திரி முறையை மருமகனே எடுத்துக்கொண்டார். குறுவை அறுத்துச் சம்பா நடவும் முடிந்துவிடும் நேரம், வயலைப் பார்த்துக்கொள்ள மைத்துனர் இருக்கிறார்.

மிச்சம் இருப்பது மாத்திரை. காலை எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் போடுகிறவை இருக்கின்றன. அங்கே பகல் இங்கே ராத்திரி. எப்படிக் கணக்கு வைப்பது?


தஞ்சை இயன்முறை எழுதியது:

மாத்திரைக் கணக்கை மருத்துவர்தான் போட வேண்டும் டீச்சர், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை. போகும் விமானத்தின் நேரம், மாறும் ஊர், இறங்கும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள், எந்த வேளை எப்போது என்று அவரே குறித்துக் கொடுப்பார். மருந்தின் மூலப்பெயரோடு ஆங்கிலத்தில் ஒரு சீட்டும் வாங்குங்கள், வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரை கூடுதலாக, எல்லாம் கைப்பையில். பெட்டியில் போடாதீர்கள், கப்பல் ஏறும் அன்று பெட்டி அறைக்கு வர சாயங்காலம் ஆகிவிடும்.

நீண்ட விமானப் பயணத்தில் கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்கக் காலுறை வேண்டுமா என்றும் அவரிடமே கேளுங்கள். நடைவழியை ஒட்டிய இருக்கையில், வலது கைப்பக்கம் நடைவழி வரும்படி உட்காரட்டும். எழுந்திருக்க அந்தக் கைதான் வேண்டும்.